கால்நடை மருத்துவர் பதிவுப் புதுப்பித்தல் கட்டண உயர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்தவர்கள், அரசுக் கால்நடை மருந்தகங்களில் பணிபுரியும் நண்பர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மாடு வளர்க்கும் சில விவசாயிகள் எனப் பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தமிழ்நாட்டில் தனியாகத் தொழில் செய்யும் கால்நடை மருத்துவன். மருத்துவர்களைப் பதிவு செய்யும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் எந்தப் பொறுப்பிலும் இல்லை. சட்டம் சொல்வதையும் என் கருத்தையும் கலந்துவிடாமல் எழுத முயன்றிருக்கிறேன். கருத்து வரும் இடத்தில் அதைக் கருத்து என்றே சொல்லியிருக்கிறேன்.

ஒரு தடவை பதிவு செய்தாகிவிட்டது. பட்டம் என்னுடையது. திரும்பத் திரும்ப எதற்குப் புதுப்பிக்க வேண்டும்?

பட்டம் பல்கலைக்கழகம் தருவது. அது ஆயுள் முழுவதும் உங்களுடையது. தொழில் செய்யும் உரிமை வேறு. அதைத் தருவது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர் மாநிலக் கால்நடை மருத்துவப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்த பிறகுதான் அந்த உரிமை பிறக்கிறது. பெயர் தொடர்ந்து பதிவேட்டில் இருப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்த வேண்டும் என்று மாநில அரசு அறிவிக்கலாம் என அதே சட்டம் சொல்கிறது. புதுப்பித்தல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பணம் ஒருபுறம் இருக்க, புதுப்பித்தலுக்கு இன்னொரு பயன் உண்டு. புதுப்பிக்கும் ஏற்பாடே இல்லாவிட்டால் இறந்தவர், வெளிநாட்டில் குடியேறியவர், தொழிலை விட்டு வங்கி வேலைக்குப் போனவர் எல்லோருடைய பெயரும் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். 5,000 கால்நடை அலகுகளுக்கு (ஒரு மாடு ஓர் அலகு, ஆடுகள் பல சேர்ந்து ஓர் அலகு) ஒரு மருத்துவர் வேண்டும் என்று 1976இல் தேசிய வேளாண் ஆணையம் பரிந்துரைத்தது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் மட்டும் 95 லட்சத்துக்கு மேல், வெள்ளாடுகள் 98 லட்சத்துக்கு மேல். இவற்றுக்கு எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று கணக்கிடும் கை, உயிரோடு தொழில் செய்பவர்களை மட்டும் எண்ண வேண்டும். பழைய பெயர்களால் நிரம்பிய பதிவேட்டை வைத்துக்கொண்டு பற்றாக்குறை இல்லை என்று யாராவது சொன்னால், அதன் விலையைக் கொடுப்பவர் நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டின் அருகே நிற்பவர்.

கட்டணத்தை உயர்த்துவது யார்? கவுன்சிலா, டெல்லியா?

இரண்டும் இல்லை, மாநில அரசு. கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 15ஆவது இனமாக இருப்பவை. அதனால்தான் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நேரடியாக நாடு முழுவதற்கும் இயற்ற முடியவில்லை. சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்ட பிறகு, 252ஆவது உறுப்பின் வழியாக அது வந்தது. முதலில் ஹரியானா, பீகார், ஒடிசா, இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஐந்து மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் பொருந்தியது. மற்ற மாநிலங்கள் பிறகு ஏற்றுக்கொண்டன.

அந்தச் சட்டத்தின் கீழ் மாநில அரசு இயற்றும் விதிகளில்தான் புதுப்பித்தல் கட்டணம் எவ்வளவு என்பது எழுதப்படுகிறது. கவுன்சில் பரிந்துரை அனுப்பலாம். தானாகத் தொகையைக் கூட்டி ரசீது போட முடியாது. ஆகவே உயர்வு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது அரசிதழ் அறிவிப்பைத்தான். வாட்ஸ்ஆப்பில் வரும் படத்தை நம்பிப் பணம் கட்டவும் வேண்டாம், கொதிக்கவும் வேண்டாம்.

எப்போது கட்ட வேண்டும்? தவறினால் என்ன ஆகும்?

எந்த ஆண்டுக்குரிய கட்டணமோ அந்த ஆண்டின் ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பு செலுத்திவிட வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. செலுத்தினால் பதிவாளர் உங்கள் சான்றிதழில் புதுப்பித்த விவரத்தைக் குறித்துத் தருவார். செலுத்தத் தவறினால் பெயரை நீக்குவார். விதிகளில் உள்ள நிபந்தனைகளை நிறைவேற்றினால் நீக்கிய பெயரை மீண்டும் சேர்க்கலாம். ஆகவே தவறியவருக்குக் கதவு அடைந்துவிடுவதில்லை. ஆனால் அடுத்த ஐந்தாண்டு வரை சும்மா இருக்கலாம் என்றும் இல்லை.

சான்றிதழ் கிளினிக் சுவரில் மாட்டியிருக்கிறதே சார், அது போதாதா?

போதாது. இது வேடிக்கையான கேள்வி என்று முன்பு நினைத்தேன். என் சொந்தச் சான்றிதழைக் கழற்றிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. சட்டமிட்டுக் கண்ணாடி போட்டுப் பதினைந்து ஆண்டுகளாக வெளிச்சம் பட்டதில் முன்பக்கத்துக் கையெழுத்து பழுப்பேறியிருந்தது. புதுப்பித்த முத்திரைகள் எல்லாம் பின்பக்கத்தில், அட்டையை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் இருந்தன. கடைசி முத்திரையின் காலம் முடிய இரண்டே மாதம் இருந்தது. தினமும் அதன் கீழ்தான் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

புதுப்பித்த பக்கத்தை ஒளிநகல் எடுத்து, காலம் முடியும் தேதியைப் பெரிதாக எழுதி, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். தினம் பத்துத் தடவை திறக்கும் கதவு அது.

புதுப்பித்த பதிவு இருந்தால் அப்படி என்ன உரிமை?

சட்டத்தின் 30ஆவது பிரிவு நான்கு உரிமைகளைச் சொல்கிறது. அரசு நிறுவனங்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றுதல், எந்த மாநிலத்திலும் கால்நடை மருத்துவத் தொழில் செய்தல், சட்டப்படி கால்நடை மருத்துவர் கையெழுத்திட வேண்டிய சான்றுகளில் கையெழுத்திடுதல், நீதிமன்றத்தில் கால்நடை மருத்துவ நிபுணராகச் சாட்சி சொல்லுதல். பதிவு இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அரசு அனுமதி பெற்ற கால்நடை ஆய்வாளர் போன்றவர்கள், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி, ஆண்மை நீக்கம், காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு சேவைகளை மட்டும் செய்யலாம்.

இவற்றில் மூன்றாவது உரிமையைத்தான் நாம் குறைத்து மதிக்கிறோம். காப்பீடு செய்த கறவை மாடு இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் இருக்கும் வில்லையின் எண்ணைச் சரிபார்த்து, பிரேதப் பரிசோதனை செய்து, காரணத்தை எழுதி, பதிவெண் உள்ள முத்திரையைக் குத்திக் கொடுக்கிறோம். அந்தத் தாளை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம் வரும். இறைச்சிக்கூடங்களில் ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளொன்றுக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றும் நம் கையெழுத்துதான். சல்லிக்கட்டுக் காளையின் உடற்தகுதிச் சான்றும் அப்படியே. நாம் கட்டும் கட்டணம் இந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் பதிவேட்டைப் பராமரிப்பதற்கு.

எவ்வளவு உயர்ந்தால் எவ்வளவு சுமை? கணக்காகச் சொல்லுங்கள்.

தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விதி திருத்தப்படும்போது மாறும். நடப்புத் தொகையை உங்கள் கவுன்சிலின் அறிவிப்பிலேயே பாருங்கள். கணக்கு புரிவதற்காக மட்டும், ஐந்தாண்டுக் கட்டணம் 1,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு மாதத்துக்குச் சுமார் 17 ரூபாய். இனி 50 ரூபாய். ஆண்டுக்குக் கூடுதலாக 400 ரூபாய்.

இதே கணக்கைக் கவுன்சிலின் பக்கத்திலிருந்து பாருங்கள். பதிவேட்டில் 10,000 பேர் இருப்பதாகக் கொண்டால், பழைய கட்டணத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 20 லட்சம் ரூபாய் வரும். பதிவாளர், இரண்டு மூன்று ஊழியர்கள், வாடகை, மின்சாரம், கணினிப் பதிவேடு, புகார் விசாரணை, அவ்வப்போது தேர்தல் என்று அதற்குள் அடங்க வேண்டும். புதிய கட்டணத்தில் 60 லட்சம் வரும். முதல் தொகையில் அலுவலகத்தைத் திறந்துவைத்திருக்க முடியும். ஒரு மாவட்டத்துக்குப் போய் ஒரு புகாரை நேரில் விசாரித்து வருவது கடினம்.

கவுன்சிலிடம் வங்கி வைப்புத் தொகை இருக்கிறதாமே. பிறகு எதற்கு உயர்வு?

வைப்புத் தொகை இருப்பது மட்டுமே தவறு ஆகாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டும் முறையில் வருமானம் ஆண்டுதோறும் சீராக வராது. ஒரே காலத்தில் பெருங்கூட்டமாகப் பதிவு செய்தவர்களின் புதுப்பித்தல் ஒரே ஆண்டில் வந்து குவியும். அடுத்த ஆண்டுகள் வறண்டிருக்கும். வந்த ஆண்டில் வாங்கியதை அடுத்த நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவிட வேண்டும். அதற்கு வைப்புத் தொகை வேண்டும்தான்.

ஆனால் அந்தத் தொகை எத்தனை ஆண்டுச் செலவுக்குச் சமம் என்பது முக்கியமான கேள்வி. ஐந்தாண்டுச் செலவுக்கும் மேலாகப் பணம் சேர்ந்திருக்கும்போது உயர்வு கேட்பதை என்னால் ஏற்க முடியாது. இரண்டு ஆண்டுக்கும் குறைவாக இருந்து, சேவைகளும் முடங்கியிருந்தால், உயர்வை எதிர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. கணக்கைப் பார்க்காமல் இரண்டு பக்கத்திலும் பேசுவதுதான் நம் கூட்டங்களில் அதிகம் நடக்கிறது.

கணக்கை எப்படிப் பார்ப்பது? கேட்டால் தருவார்களா?

சட்டத்தால் அமைக்கப்பட்ட அமைப்பு என்பதால் கவுன்சில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்பினால் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, புதுப்பித்தல் கட்டணமாக வந்த தொகை, வைப்புத் தொகையின் அளவு, பெறப்பட்ட புகார்களும் முடிக்கப்பட்ட புகார்களும் எத்தனை, நடத்திய பயிற்சிகள் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘எல்லாக் கணக்கையும் தருக’ என்று மொத்தமாக எழுதினால் மொத்தமாக ஒரு பதில்தான் வரும்.

நான் அரசு மருந்தகத்தில் கால்நடை உதவி மருத்துவர். என் பதிவுக்கு அரசே கட்டக் கூடாதா?

சட்டப்படி பதிவு தனிமனிதருடையது. வேலையை விட்டாலும் ஓய்வுபெற்றாலும் உங்களோடுதான் வரும். ஆகவே கட்ட வேண்டியவர் நீங்கள். தனியாகத் தொழில் செய்பவர் இதைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்டலாம். சம்பளம் வாங்குபவருக்கு அந்த வசதியும் இல்லை.

என் கருத்து வேறு. பதிவு இருந்தால்தான் பணி என்று அரசு நிபந்தனை வைக்கிறது. அந்தப் பணியில் இருக்கும்வரை புதுப்பித்தல் கட்டணத்தை அரசே திருப்பித் தருவதுதான் முறை. கோமாரி நோய்த் தடுப்பூசி முகாமுக்கு விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, கறவைக்கு முன்பே தொழுவத்துக்குப் போய்ச் சேருகிற மருத்துவர் தன் கையெழுத்தை அரசுக்காகத்தான் போடுகிறார். சங்கங்கள் உயர்வை எதிர்க்கும் நேரத்தில் பாதியை இந்தக் கோரிக்கைக்குச் செலவிட்டால் நல்லது.

ஓய்வுபெற்றுவிட்டேன் தம்பி. இன்னும் கட்ட வேண்டுமா?

மருத்துவம் பார்க்கவே போவதில்லை, சான்றில் கையெழுத்திடப் போவதில்லை என்றால் கட்டாயம் இல்லை. பெயர் நீங்கும், அவ்வளவுதான். ஆனால் ஓய்வுபெற்ற நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படி இருப்பதில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி, ஊரில் அண்ணன் மாட்டுக்கு மடிநோய் மருந்து, கோசாலைக்கு ஆலோசனை என்று தொடர்கிறார்கள். அதுவும் தொழில் செய்வதுதான். கட்டணம் வாங்காமல் செய்தாலும் பதிவு வேண்டும்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர்களை இழப்பதால் பதிவேட்டுக்கு வரும் நட்டம், அந்தப் பாதித் தொகையைவிடப் பெரியது.

குழந்தை பிறந்ததால் நான்கு ஆண்டு வேலைக்குப் போகவில்லை. அந்த இடைவெளியிலும் கட்டியிருக்க வேண்டுமா?

பெயர் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால், ஆம். இன்றுள்ள ஏற்பாட்டில் ‘தற்காலிகமாகத் தொழில் செய்யாதவர்’ என்று தனி வகை இல்லை. இருக்கிறார் அல்லது நீக்கப்பட்டார் என்ற இரண்டே நிலைதான். நம் கல்லூரிகளில் பெண்கள் பெருமளவில் படிக்கும் இந்தக் காலத்தில், தண்டத் தொகை இல்லாமல் திரும்பி வருவதற்கு ஒரு வழியை விதியில் எழுத வேண்டும். உயர்வு பற்றி விதியைத் திருத்தும்போதே இதையும் திருத்துவது எளிது. பிறகு இதற்கென்று தனியாகக் கோப்பு நகராது.

கெடு தாண்டிவிட்டது. அந்த இடைக்காலத்தில் நான் கொடுத்த சான்றுகள் செல்லுமா?

இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி. கேட்டவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். முன்பு சொன்ன 30ஆவது பிரிவைத் திரும்பப் பாருங்கள். கையெழுத்திடும் உரிமை பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். கெடு தாண்டியும் பதிவாளர் இன்னும் பெயரை நீக்கவில்லை என்றால், பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று வாதிட இடம் உண்டு. நீக்கிய பிறகு போட்ட கையெழுத்துக்கு அந்த வாதமும் இல்லை. மீண்டும் சேர்த்துவிட்டார்கள் என்பதால் இடைக்காலக் கையெழுத்துகள் தாமாகவே செல்லத்தக்கவை ஆகிவிடும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. மீண்டும் சேர்க்கும் உத்தரவு எந்தத் தேதியிலிருந்து என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இதில் முதலில் அடிபடுபவர் மருத்துவர் அல்ல. காப்பீட்டு நிறுவனம் முத்திரையில் உள்ள பதிவெண்ணைச் சரிபார்த்து, அந்தத் தேதியில் பதிவு இல்லை என்று கண்டால், கோரிக்கையை நிறுத்திவைக்கக் காரணம் கிடைத்துவிடும். ஒரு கறவை மாட்டை இழந்து, அதன் கடன் தவணையையும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம், நம் மறதிக்காக அலையும். நீக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து சான்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். பக்கத்து ஊர் மருத்துவரை அழைத்துக் கொடுங்கள். மீண்டும் சேர்ப்பதற்கான மனுவை அன்றே அனுப்புங்கள்.

பணம் கட்ட மறந்ததற்குப் பெயரை நீக்குவது அதிகமில்லையா?

நீக்குவது சட்டத்தில் உள்ளது. அதை நான் குறை சொல்லவில்லை. நினைவூட்டாமல் நீக்குவதைக் குறை சொல்கிறேன். மின்சார வாரியமும் எரிவாயு நிறுவனமும் குறுஞ்செய்தி அனுப்பும் காலம் இது. காலம் முடிய ஆறு மாதம், மூன்று மாதம், ஒரு மாதம் இருக்கும்போது மூன்று குறுஞ்செய்திகள் அனுப்பப் பெரிய செலவில்லை. கட்டணம் உயரும் என்றால், அந்தப் பணத்தில் நடக்க வேண்டிய முதல் வேலை இதுவே. மீண்டும் சேர்க்கும் தண்டத் தொகையை ஒரு வருமான வழியாக எந்தக் கவுன்சிலும் பார்க்கக் கூடாது.

உயர்வை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியுமா?

முடியும், வெல்வது காரணத்தைப் பொறுத்தது. வரி வேறு, கட்டணம் வேறு என்ற வாதம் நம் பகுதியிலிருந்துதான் பெரிய தீர்ப்பாக வளர்ந்தது. அன்றைய சென்னை மாநிலத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் மடங்களிடம் ஒரு பங்களிப்புத் தொகை வசூலித்தது. உடுப்பி சிரூர் மடத்தின் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம், கட்டுபவருக்குத் தரும் சேவையோடு தொடர்பில்லாமல் பொது வருவாயில் கலந்துவிடும் தொகை கட்டணம் ஆகாது, அது வரி என்று சொன்னது. அந்த அளவுகோல் பிறகு தளர்ந்தது. உரிமக் கட்டணம் ஒரு தொழிலை ஒழுங்குபடுத்துவதற்காக இருந்தால், கட்டும் ஒவ்வொருவருக்கும் ஈடான சேவை தர வேண்டியதில்லை, ஆனால் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்பது 1999இல் ஐதராபாத் உணவக உரிமையாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

ஆகவே ‘எனக்கு என்ன செய்தீர்கள்’ என்று மட்டும் கேட்டு வழக்குப் போட்டால் நிற்காது. விதியைத் திருத்தாமல் வசூலித்தார்கள் என்றாலோ, செலவோடு ஒட்டாத பெருந்தொகை என்று கணக்கோடு காட்டினாலோ வலு உண்டு. அதனால்தான் முன்பு சொன்ன தகவல் மனுவை வழக்குக்கு முன்பே அனுப்பச் சொல்கிறேன்.

வழக்கறிஞர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்களே. நமக்கும் அது பொருந்துமா?

2024 ஜூலை 30 அன்று வந்த தீர்ப்பைச் சொல்கிறார்கள். மாநில வழக்கறிஞர் மன்றங்கள் பலவும் புதிதாகச் சேருபவர்களிடம் பல ஆயிரம் ரூபாய் வாங்கிவந்தன. வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று எழுதியிருக்கும்போது அதற்கு மேல் வாங்க அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது.

நம் நிலைமை அப்படியே பொருந்தாது. அங்கே தொகையைச் சட்டமே நிர்ணயித்திருந்தது. இங்கே தொகையை மாநில அரசின் விதிக்கு விட்டிருக்கிறார்கள். எனினும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை நமக்கும் உதவும்: சட்டமோ விதியோ சொல்லாத எதையும், ‘வளர்ச்சி நிதி’, ‘நூலக நிதி’ என்று வேறு பெயர் வைத்து, புதுப்பித்தலோடு சேர்த்துக் கட்டாயமாக வாங்க முடியாது. இளம் பட்டதாரிகளிடமும் வசதியற்ற குடும்பத்திலிருந்து வந்தவர்களிடமும் பெருந்தொகை கேட்பது தொழிலின் வாசலை அடைப்பது என்ற அந்தத் தீர்ப்பின் கவலை எனக்கும் உண்டு. ஐந்தரை ஆண்டு படித்து வெளியே வந்து, முதல் வேலைக்காகக் காத்திருப்பவருக்கு 3,000 ரூபாய் சிறு தொகை அல்ல.

வெளிநாடுகளில் இதைவிட அதிகம் வாங்குகிறார்களாமே?

அதிகம்தான், ஆனால் தொகையை மட்டும் ஒப்பிடுவது சரியாகாது. பிரிட்டனில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும், கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ராயல் கல்லூரியிடம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; ஆண்டுக்கு 35 மணி நேரம் தொடர்கல்வியும் கட்டாயம். கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 36 மணி நேரத் தொடர்கல்வியோடு. அங்கே உரிமம் பெற்றவரின் பெயரைத் தட்டினால் ஒருவர் பதிவில் இருக்கிறாரா என்பதைப் பொதுமக்களே இணையத்தில் பார்த்துவிடலாம்.

நம் நாட்டிலேயே மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்லின. நம் துறைக்கும் அது தேவை. மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளைக் கொன்ற வலி நிவாரணியான டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. அதே வகை மருந்துகளான கீட்டோப்ரோஃபினுக்கும் அசிக்ளோஃபினாக்குக்கும் 2023இல் வந்தது. உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தரக் கூடாது என்று 2019இல் வந்தது. இவற்றை ஒரு மருத்துவர் எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்? பெரும்பாலும் மருந்து நிறுவனப் பிரதிநிதியிடமிருந்து. அவருக்கு விற்க வேண்டிய மருந்து வேறு இருக்கிறது. மோயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். கவுன்சில் மாவட்டந்தோறும் ஆண்டுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தினால், உயர்ந்த கட்டணத்தை மனம் கோணாமல் கட்டுவேன்.

கட்டணம் உயர்ந்தால் போலி மருத்துவர்கள் ஒழிவார்களா? அல்லது இன்னும் பெருகுவார்களா?

உயர்வால் மட்டும் ஒழியமாட்டார்கள், உயர்வால் பெருகவும்மாட்டார்கள். போலி மருத்துவர் எந்தக் கட்டணமும் கட்டுவதில்லை, அதனால் இந்தத் தொகை அவரைத் தொடுவதே இல்லை. இரவில் மருத்துவர் கிடைக்காத ஊரில்தான் அவர் வளர்கிறார்.

கன்று ஈன்ற மறுநாள் பால் காய்ச்சலில் (ரத்தத்தில் கால்சியம் குறையும் நோய்) விழுந்த ஒரு கலப்பினப் பசுவை எனக்கு மறக்க முடியவில்லை. கழுத்தை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுப் படுத்திருந்ததாம். கால்சியம் மருந்து ஏற்றினால் எழுந்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை மெதுவாக, நெஞ்சில் காதை வைத்துத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும் என்பது தெரியாது. வந்த போலி மருத்துவர் முழுப் புட்டியையும் சில நிமிடங்களில் நரம்பில் இறக்கிவிட்டார். நான் போனபோது பசு இறந்து கிடந்தது. ஊசி இன்னும் கழுத்திலேயே இருந்தது. புகார் கொடுக்கலாம் என்று சொன்னேன். ‘யாரிடம், எந்த ஊருக்குப் போய்?’ என்று பசுவை வளர்த்த அம்மா கேட்டார். பதிவு இல்லாமல் பதிவுபெற்றவர் என்று சொல்லிக்கொள்வது இந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் புகாரை வாங்கி, விசாரித்து, காவல் துறைக்கு அனுப்ப ஆள் வேண்டும். உயர்ந்த பணத்தில் ஒரு பகுதி இதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதால்தான்.

டாக்டர் ஐயா, உங்கள் கட்டணம் கூடினால் எங்கள் மாட்டு வைத்தியச் செலவும் கூடுமா?

இது ஒரு விவசாயி கேட்டது. முன்பு போட்ட கணக்கையே தொடர்வோம். ஆண்டுக்குக் கூடுதல் 400 ரூபாய். ஒரு மருத்துவர் நாளுக்குப் பத்து வீதம் 300 நாட்களில் 3,000 கால்நடைகளைப் பார்த்தால், ஒன்றுக்குப் பதிமூன்று பைசா. இதைக் காரணம் காட்டி யாராவது உங்களிடம் ஐம்பது ரூபாய் கூட்டினால், காரணம் இது அல்ல.

வேறு மாநிலத்துக்குப் போகிறேன். இரண்டு இடத்திலும் கட்ட வேண்டுமா?

வேண்டாம். பதிவை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. மாற்றத்துக்கு மனுச் செய்யும் முன் பழைய மாநிலத்தில் பாக்கி ஏதும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர்வு வருவதற்கு முன்பே பழைய கட்டணத்தில் கட்டிவிடலாமா?

உங்கள் புதுப்பித்தல் ஆண்டு வந்துவிட்டது, திருத்திய விதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றால் தாராளமாகக் கட்டலாம். அன்றைய விதிப்படி கட்டியவரிடம் பிறகு வித்தியாசத் தொகை கேட்கப் புதிய விதியில் வெளிப்படையான ஏற்பாடு வேண்டும். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து வர வேண்டிய புதுப்பித்தலை இன்றே பழைய தொகையில் கட்ட முயல்வது பயன் தராது. ரசீதில் எந்த ஐந்தாண்டுக் காலத்துக்கு என்று எழுதியிருப்பதைச் சரிபார்க்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

நாம் சொன்னால் கேட்பார்களா? எங்கே சொல்வது?

மாநிலக் கவுன்சிலில் நான்கு உறுப்பினர்கள் பதிவுபெற்ற மருத்துவர்களாகிய நாமே தேர்ந்தெடுப்பவர்கள். இந்தியக் கவுன்சிலில் பதினோரு பேர் அப்படி. பதிவு நீங்கியவருக்கு வாக்கும் இல்லை. கட்டணத்தை எதிர்த்துப் புதுப்பிக்காமல் இருப்பவர், அந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் உரிமையையே இழக்கிறார். வாக்குச் சீட்டு வரும்போது அதைத் தபால் உறையிலேயே விட்டுவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை விட வேண்டும்.

தேர்ந்தெடுத்தவர்களுக்கும், கால்நடை பராமரிப்புத் துறையின் செயலாளருக்கும் ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். உயர்வு வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், எந்த அளவு ஏற்போம், எதற்கு ஈடாக என்று எழுதுங்கள். நான் அனுப்பிய கடிதத்தில் இருந்தவை இவை: இருபது ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே தாவலில் மூன்று மடங்காக்காமல், ஒவ்வொரு ஐந்தாண்டிலும் விலைவாசிக்கு ஏற்பச் சிறிதாகக் கூட்டுங்கள், தணிக்கை அறிக்கையை ஆண்டுதோறும் இணையத்தில் போடுங்கள், பதிவேட்டைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும்படி திறந்துவையுங்கள், முதல் ஐந்தாண்டுக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும் இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்களுக்கும் சலுகை தாருங்கள், புகார்களுக்கு ஒரு தொலைபேசி எண்ணும் அதை எடுக்க ஓர் ஆளும் வையுங்கள். கடிதத்தில் உங்கள் பதிவெண்ணையும், பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கையெழுத்துக்குக் கீழே மறக்காமல் எழுதுங்கள்.